அடிச்ச வரி

கதவைச் சாத்திடு லாமி, தூசி உள்ள வருது... எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்க. இது என்கூட வேலை பார்த்தவளோட நாத்தனாருக்கு நடந்தது. அஸாபேன்னு பேரு. நம்ம கானோ ஊர்ல நாவல் எழுதிப் பிழைக்கிறவ. அவ புஸ்தகம் சந்தைக்கு வந்தா பொம்பளைங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க.

ராத்திரி எட்டு மணி இருக்கும். ஹர்மட்டான், அந்தப் பாலைவனத் தூசிக் காத்து அடிக்கிற மாசம்... எதிர்ல வர்ற ஆள் தெரியாது. கபர்ஸ்தான் சுவரை ஒட்டின ரோடு. ஆட்டோக்காரன் முனையிலேயே இறக்கி விட்டுட்டான். அஸாபே தனியா நடந்து வர்றா. கையில கதை எழுதின நோட்டு. மனசுல கோவம்.

கோவம் எதுக்குன்னா, அவ கதையைத் திருத்திக் கொடுக்கிற ஹஜியா பின்டா ஒரு வரியை அடிக்கச் சொல்லிட்டா. ஒரே ஒரு வரி.

கதை வேற யாரோடதும் இல்ல. அஸாபே புருஷனோட முதல் பெண்டாட்டி டேலு, ரெண்டு வருஷம் முன்னாடி பிரசவத்துல போய்ச் சேர்ந்தவ... அவ கதைதான். ஆள் பேரு, தெருப் பேரு எல்லாம் மாத்திட்டா. ஆனா கடைசி அத்தியாயத்துல, சாகப்போற தாய் வாய் திறந்து மூத்த மகளை "பில்கிசு, வா"ன்னு கூப்பிடறா பாருங்க... அந்தப் பேரை மட்டும் மாத்தல. மாத்தினா வரி உப்புச் சப்பில்லாம போகுதாம்.

"எந்தத் தாய்டி தலைச்சன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா? அவ்வளவு வெட்கம் கெட்டவளா அவ?"ன்னா ஹஜியா.

அது நியாயம்தானே. நம்ம வழக்கத்துல தலைச்சன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடறது தாய்க்கு வெட்கக்கேடு. டேலுவும் சொன்னதில்ல. இருந்த வரைக்கும் பெத்த மகளை "ஏ புள்ள"தான்.

"சாகும்போது சொல்றா ஹஜியா. கதையே அதுல தான் நிக்குது. அதை அடிச்சா, நாளைக்கு ரேடியோவுல வாசிக்கும்போது கேக்கிற ஒருத்தி கண்ணுலயும் தண்ணி வராது."

"வரும். உன் கண்ணுல வரும். அது உசிரோட இருக்கிற புள்ள பேரு. செத்தவ வாயில கொண்டுபோய் வைக்காதே."

முடியாதுன்னுட்டு நோட்டைப் பிடுங்கிட்டு வந்துட்டா.

இப்ப ரோட்டுல... பின்னால செருப்புச் சத்தம். சர்ர்க்... சர்ர்க்... ஒரு கால் மட்டும் இழுக்கிற மாதிரி. இவ நின்னா அதுவும் நிக்குது. அப்புறம் வாசனை. கிராம்பும் சந்தனமும் போட்ட புகை. டேலு துணிக்குப் போடற புகை.

"ஏ புள்ள..."

திரும்பிப் பார்க்கல. ஓட்டமும் நடையுமா வீடு வந்து சேர்ந்தா. பில்கிசு பாயில முழிச்சு உட்கார்ந்திருக்கு. எட்டு வயசு.

"சித்தி, வாசல்ல யாரோ 'ஏ புள்ள, ஏ புள்ள'ங்கறாங்க. நான் போகல. எந்தப் புள்ளைன்னு தெரியலயே... பேர் சொன்னா போவேன்."

அஸாபே ஓடிப்போய் வாசக்கதவைத் தாழ் போட்டா. பெக்காத புள்ளதான், ஆனா அது மேல அவளுக்கு உசிரு. அப்பவே பேனாவை எடுத்து அந்த வரியை அடிச்சா. தாள் கிழியற வரைக்கும் அடிச்சா. கீழ மாத்தி எழுதினா: 'தாய் வாய் திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.'

புஸ்தகம் அச்சாகி வந்ததும் முதல் வேலையா கடைசி அத்தியாயத்தைப் புரட்டினா. ஒன்றும் சொல்லவில்லை. வாசல்லயும் குரல் நின்னுபோச்சு. ரெண்டு மாசம் நிம்மதியாத் தூங்கினா.

அப்புறம் அந்தக் கதையை ரேடியோவுல தினம் கொஞ்சமா வாசிச்சாங்க. கடைசி நாள். சந்து முழுக்க, வீட்டுக்கு வீடு அதே குரல். அஸாபே குழம்பைக் கிண்டிக்கிட்டே கேக்கறா.

'தாய் வாய் திறந்தாள்...'

வாசிக்கிறவர் நிறுத்தினார். தாள் புரளுது... சர்ர்க்.

ஒரு பொம்பளைக் குரல். கரகரன்னு. பழகாத வார்த்தையைச் சொல்ற மாதிரி தயங்கித் தயங்கி...

"பில்... கிசு. வா."

உள் அறையிலேர்ந்து, "இதோ வந்துட்டேம்மா."

கரண்டியைப் போட்டுட்டு ஓடினா. பாய் சூடா இருக்கு. அறை முழுக்க அந்தப் புகை வாசனை. வாசக்கதவு உள்பக்கம் தாழ் போட்டது போட்டபடி. புள்ளையைக் காணோம்.

அக்கம்பக்கத்துல கேட்டா, "வாசிக்கிறவர் அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தினார், அவ்வளவுதான்"னாங்க. கிணத்துல கூட இறங்கித் தேடிட்டாங்க.

அஸாபே இப்பப் புதுசா எதுவும் எழுதறதில்ல. தினம் படுக்கப் போகும்போது அந்தப் பழைய நோட்டை எடுத்து, கடைசியில ஒரு வரி சேர்ப்பாளாம். 'தாய் மகளைத் திருப்பி அனுப்பினாள்.' காலைல பார்த்தா... அது அடிச்சிருக்குமாம்.

டேலுதான் அடிக்கிறான்னு முதல்ல நினைச்சாளாம். ஆனா டேலு படிச்சவ, அவ கோடு போட்டா நேரா இருக்கும். இது கோணக் கோடு... பேனாவை அழுத்திப் பிடிச்சு, நடுநடுவுல எடுத்து எடுத்து வச்சது. எட்டு வயசுப் புள்ள போடற கோடு.