இரண்டாவது கணினியில் நான்

அத்தானின் ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்தது நூற்றுப் பதினேழு நாட்கள். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்று நாலு மணிக்கு அவருடைய கேமராவை வாங்க ஆள் வருகிறார். நாளையிலிருந்து அத்தான் தன் சித்தப்பாவின் பெயின்ட் கடையில் உட்காரப் போகிறார். என்னைப் பொறுப்பில்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் இயற்பியல் படித்தவள். அறையில் நாலு பேர் இருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பை முடித்து வீட்டில் சும்மா இருந்தபோது, "வாயில்லாப் பூச்சி, என்கூட வா. அங்க பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று அத்தான்தான் கூட்டிப்போனார். அக்காவின் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

அவர் எடுப்பது முகங்கள். அலுவலகத்துக்கு, வேலை விண்ணப்பத்துக்கு, வரன் பார்க்க. கேமராவிலிருந்து ஒரு கேபிள் கணினிக்குப் போகும்; எடுத்த படம் அடுத்த நொடி திரையில் வந்துவிடும். தொல்லையே அதுதான். நாற்காலியில் இருப்பவர் எழுந்து வந்து அத்தானின் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். கூட வந்த மாமியாரும் எட்டிப் பார்ப்பார். மூக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். மூக்குக்கு அத்தான் என்ன செய்வார்?

பக்கத்து அறையில் இரண்டாவது கணினி வைக்கலாம் என்றது நான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். அவர் அங்கே எடுப்பார். படம் இங்கே எனக்கு வரும். கண் மூடியவை, மங்கியவை ஆகியவற்றை நீக்கி, நிறம் திருத்தி, மிச்சத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுவேன். பிடித்ததற்கு அவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். கூட்டம் என் அறைக்கு இடம் மாறியது. அத்தான் தன் பக்கத் திரையை அணைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். கேமராவுக்குள் மெமரி கார்டு வேண்டாம், படம் நேராகக் கணினிக்கே வரட்டும், வேகமாக இருக்கும் என்றேன். கார்டை எடுத்துவிட்டார். ஷட்டர் சத்தம் கேட்டால் ஆட்கள் கண் சிமிட்டுகிறார்கள் என்றேன். சத்தத்தையும் நிறுத்திவிட்டார். சொன்னதைக் கேட்பார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

முதல் கணினியை என் மேசையிலிருந்தே இயக்கலாம். கேமரா பார்ப்பதெல்லாம் என் திரையிலும் ஓடும். அதன் ஓரத்தில் ஒரு வட்டப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பக்கத்து அறையில் முக்காலியில் நிற்கும் கேமரா படம் எடுத்துவிடும். இது அத்தானுக்கும் தெரியும். மறந்திருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு கணக்காளர் வந்தார். அரை மணி நேரம் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். போதும் என்று சொல்லிவிட்டு அத்தான் விளக்கை நகர்த்தத் திரும்பினார். கணக்காளர் தளர்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் தொப்பையைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

கணக்காளர் அந்தப் படத்துக்குத்தான் நட்சத்திரம் போட்டார். அத்தான் வந்து திரையை வெகு நேரம் பார்த்தார்.

"இத எப்ப எடுத்தேன் நான்?"

"இப்பதான்" என்றேன். நேரத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

அன்று வீட்டில் அக்காவிடம், தன் கை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று பெருமையடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மூன்று எடுத்தேன். அதற்கடுத்த வாரம், நாளுக்கு ஒன்பது. வாடிக்கையாளர்கள் என்னுடையதையே தேர்ந்தெடுத்தார்கள். யார் எடுத்தது என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வகத்தில் இதைவிட நேர்மையான முறை கிடையாது.

அத்தான் மெல்ல மெல்லக் குழம்பினார். தான் எடுத்ததாக நினைவிருக்கும் படங்கள் எதிலும் உயிரில்லை, நினைவில்லாதவை எல்லாம் பிரமாதம் என்றார். கேபிள் இல்லாமல், கார்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போய் எடுத்துவந்த நாட்களில் பயந்து பயந்து எடுத்தார். படங்களும் பயந்தே இருந்தன. கண் மருத்துவரிடம் போனார். உங்களுக்குக் கழுகுப் பார்வை என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். அது அவரை இன்னும் வதைத்தது. கண்ணில் கோளாறு இல்லையென்றால் வேறு எங்கே?

வீட்டில் அக்கா வெங்காயம் உரிப்பதை எடுத்துப் பழகினார். "எனக்கே கண்ணு எரியுது, உங்களுக்கு மாடல் வேற வேணுமா" என்று அவள் கத்தியைக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. படத்தை என்னிடம் நீட்டி எப்படி என்று கேட்டார். "ம்" என்றேன். நான் அதிகம் பேச மாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

போன வாரம் அவர் முடிவெடுத்தார். ஸ்டுடியோவை என்னிடம் விடுகிறாராம். எனக்குத் தோதாக வேறு கேமரா வாங்கித் தருகிறாராம்; தன் கை பட்ட இது ராசியில்லையாம். நான் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

மணி இப்போது மூன்றரை. அத்தான் முன்னறையில் லென்ஸ்களைத் துணியால் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார், குழந்தையைத் தூங்கப்போடுகிறவர் மாதிரி. அக்கா இதுவரை ஸ்டுடியோ பக்கம் வந்ததே இல்லை. இன்று வந்து, என் அறைக் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பொத்தானைப் பற்றி இவ்வளவையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. தங்கைக்குத் திறமை இருக்கிறது, சொல்லத்தான் கூச்சம் என்று புரிந்துகொண்டாள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

பிறகு ஒன்று கேட்டாள். "நூறு நாளுக்கு மேல எடுத்திருக்காருடி. அவர் எடுத்ததுல ஒண்ணுகூடவா நல்லா வரல?"

யாரும் இதுவரை என்னிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"எல்லாமே நல்லாத்தான்க்கா வந்துச்சு. என்னோடத விட நல்லா வந்தத, அவங்க பாக்கறதுக்கு முன்னாடி நான் தினமும் அழிச்சிடுவேன்."