பின் சீற்றில் ஒராள்

லோறன்ஸ் வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். எண்பத்தேழாம் ஆண்டின் கடும் குளிர். இளையவர் தன் பழைய மொறிஸ் மைனர் காரைத் திருத்துவதற்காக, உடைந்த கார்கள் குவிந்து கிடக்கும் யாட் ஒன்றில் சாமான் கழட்டிக்கொண்டு வந்திருந்தார். மடியில் ஒரு கதவுக் கைப்பிடி.

“பின் சீற்றும் வேணுமெண்டு சொன்னனீ. கழட்டேல்லையோ?” என்று மற்றவர் கேட்டார்.

“இல்லை அண்ணை. அதில ஒராள் படுத்திருக்கிறார்.”

அண்ணை முழுதாகத் திரும்பினார். “செத்துப்போயோ?”

“சீ, உயிரோட. நான் கதவைத் திறக்க, ஆள் எழும்பி, என்ர முகத்தைப் பாத்திட்டு, ‘தம்பி, சீற்றை மட்டும் விடுங்கோ, மிச்சத்தைக் கழட்டுங்கோ’ எண்டார்.”

“தமிழிலயோ?”

“ஓம். எங்கட ஆள்தான். இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாசமாம். இருக்க இடமில்லையாம்.”

“நீ என்ன செய்தனீ?”

“சீற்றைத் தொடேல்லை அண்ணை.”

அண்ணை அவருடைய மடியைப் பார்த்தார். “அப்ப உது? அந்தக் காரின்ர கைப்பிடியோ?”

“மிச்சத்தைக் கழட்டச் சொன்னவர்தானே.”

அண்ணை எழுந்து, பஸ்ஸை நிறுத்த மணிக் கயிற்றை இழுத்தார்.

“எல்லாம் கழட்டத் தெரியுது உனக்கு. ஒராளைக் கூட்டிக்கொண்டு வரத் தெரியேல்லை. இறங்கு, திரும்பிப் போவம்.”