புது டயர் அப்படித்தான் சத்தம் போடும்

கம்பெனி போட்டுக் கொடுத்த டயரை மாற்றாமல் ஓட்டுகிறவன்தான் புத்திசாலி. டயர் விற்கிற நானே இதைச் சொல்கிறேன். ரேணிகுண்டா ரோட்டில் கடை போட்ட நாளிலிருந்து வருகிறவர்களிடம் இதையே சொல்லிப் பார்த்துவிட்டேன். அகல டயர் போட்டால் மைலேஜ் குறையும், குழியில் இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும், ஸ்பீடோமீட்டர் கூடப் பொய் சொல்லும் என்பேன். "பாக்கறதுக்கு கெத்தா கீதுண்ணா, போடு" என்பார்கள். போட்டுக் கொடுப்பேன். பிழைப்பு அதுதானே.

டீ ஆறுகிறது, குடியுங்கள் ஹரிபாபு சார். இன்சூரன்ஸ் கம்பெனி உங்களைச் சித்தூரிலிருந்து அனுப்பியிருக்கிறது, வெயிலில் வந்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தேன். வீல் மாற்றியதைக் கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லை, ஆகவே வண்டிக்கு எதுவும் கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான், நான் வாதாடப் போவதில்லை. ஆனால் முன்பக்க இடது டயர் வெடித்ததால் விபத்து என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அது தப்பு. நான் விற்ற டயர் எதுவும் இதுவரை வெடித்ததில்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

வண்டி என் மருமகன் தீனாவுடையது. அரக்கோணத்துப் பையன். ஸ்ரீசிட்டியில் ஏசி தயாரிக்கிற ஃபேக்டரியில் வேலை. கல்யாணமான பிறகு திருப்பதியிலேயே வீடு பார்த்து வைத்தேன், என் கடையிலிருந்து பத்து நிமிஷத்தில் போய்விடலாம். என் மகள் கௌசிகா மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவாள். அவள் அம்மா தேவசேனா இறந்துபோனபோது கௌசிகா ஒன்பதாவது படித்தாள். அப்போதிருந்து எனக்கு எல்லாமே அவள்தான். அதோ, கடைக்குப் பின்னால் என் வீட்டில் டிவி சத்தம் கேட்கிறதே, அவள்தான் பார்க்கிறாள். நாம் மெதுவாகப் பேசினால் போதும்.

தீனாவைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், என்னை "மாமா மாமா" என்று சுற்றி வருவான், வண்டியை ஒழுங்காக ஓட்டுவான். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே, புனேயில் ஃபேக்டரி திறக்கிறார்கள், தன்னை அங்கே சூப்பர்வைசராகப் போடுகிறார்கள் என்றான்.

கௌசிகாவுக்கு முகமெல்லாம் பல். "வூடு கூட பாத்துட்டாரு நைனா. மூணாவது மாடி, பால்கனி கீது. நீ துன்னியா இல்லையான்னு டெய்லி வீடியோ கால்ல பாத்துக்கினே இருப்பேன், ஏமாத்த முடியாது" என்றாள்.

"மாமாவையும் கூட்டிக்கினு போய்டலாம்ல?" என்று தீனா அவளைக் கேட்டான்.

"அவரா? கடையை வுட்டுட்டு அவரு எங்கியும் வரமாட்டாரு. டயர் வாசனை இல்லாட்டி அவருக்குத் தூக்கமே வராது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போய்ட்டு வாங்க, நல்லா இருங்க என்றேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது சார், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது வேறு எனக்கு ஆத்திரமாக இருந்தது. அப்பன் தனியாக என்ன செய்வான் என்று ஒரு நிமிஷமாவது அவள் முகம் வாடியிருந்தால், இவ்வளவும் நடந்திருக்காது என்றுகூட நினைக்கிறேன்.

புனேக்குப் போவதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் அலங்காரம் செய்துகொள்ள வேண்டும் என்று தீனாவுக்கு ஆசை. கறுப்பு அலாய் வீல், இரண்டு இன்ச் பெரியது. மற்றவர்களிடம் சொல்வதையெல்லாம் அவனிடம் நான் சொல்லவில்லை. நானே நல்ல செட்டாக வரவழைத்தேன், என் பரிசு என்றேன். டயரும் முதல் தரம். அதைத்தான் வெடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

"இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லணுமா மாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வீலை மாற்றினால் கம்பெனிக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் பிரீமியம் ஏறும், சொல்லாவிட்டால் வண்டிக்கு அடிபடும்போது கையை விரித்துவிடுவார்கள் என்று என் கடையில் தெலுங்கில் போர்டே எழுதி மாட்டியிருக்கிறேன். உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். அவனுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராது. "அதெல்லாம் யாருப்பா சொல்றாங்க, நீ ஒண்ணு" என்றேன்.

இப்போது வீலைப் பிடிக்கிற நட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மேஜைமேல் வைத்திருக்கிறேனே, இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். இது வண்டியோடு வந்த நட்டு, அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். இது அலாய்க்கு உண்டான நட்டு, அடிப்பக்கம் கூம்பு. கூம்பு நட்டுக்காக வெட்டிய பள்ளத்தில் உருண்டை நட்டைப் போட்டாலும் முடுக்கும்போது டைட்டாகவே தெரியும். பெரிய மெக்கானிக் கூடக் கையால் தடவிப் பார்த்து ஏமாந்துவிடுவான். ஆனால் உள்ளே அது ஒரு நூல் அளவுக்குத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஓட ஓட, பிரேக் பிடிக்கப் பிடிக்க, தானாகக் கழன்றுகொண்டே வரும். புத்தூரிலிருந்து ஒரு வண்டி அப்படி வந்தது. அதைப் போட்ட மெக்கானிக்குக்கு நான் போன் செய்து, "மனுசன கொன்னுருப்ப, இன்னாடா வேல பண்ற நீ" என்று கத்தினேன். பாவம், அவன் அழுதுவிட்டான்.

தீனாவின் வண்டியில் மூன்று வீலுக்குக் கூம்பு நட்டு போட்டேன். முன்பக்க இடது வீலுக்கு மட்டும் பழைய நட்டையே போட்டேன்.

ஏன் இடது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வலது பக்கம் டிரைவர் உட்காருகிற பக்கம். அந்தப் பையனுக்கு அடிபடக் கூடாது என்று யோசித்துத்தான் இடது பக்கம் வைத்தேன். தினமும் ஸ்ரீசிட்டிக்கு அவன் தனியாகத்தான் போகிறான், பக்கத்து சீட்டில் அவன் சாப்பாட்டுப் பைதான் இருக்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போவான். ஹைவேயில் வீல் ஆடும், சத்தம் வரும், பயந்து ஓரம் கட்டுவான், "மாமா" என்று எனக்குத்தான் போன் வரும். வீலை மாட்டுகிற ஹப்பும் வீலும் கெட்டிருக்கும். வண்டியைக் கட்டி இழுத்துவந்து என் கடையில் நிறுத்துவேன். நீங்கள் க்ளெய்மைத் தள்ளிவிடுவீர்கள். சாமான் வரவில்லை, ஹப் கிடைக்கவில்லை என்று நான் நாளைக் கடத்துவேன். கையில் வண்டியும் இல்லாமல் காசும் இல்லாமல் புதிய ஊருக்கு எப்படிப் போவது என்று கௌசிகாவே சொல்லிவிடுவாள். புனேக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஒன்றை மறந்துவிட்டேன். அதுவும் நான் கண்டுபிடித்த வழக்கம்தான். அலாய் போட்டால் கொஞ்சதூரம் ஓடிய பிறகு நட்டை மறுபடி ஒருமுறை முடுக்க வேண்டும். திரும்பி வாங்க என்று சொன்னால் யாரும் வருவதில்லை. அதனால் சாமி பெயரில் ஒரு ஏற்பாடு செய்தேன். புது வீல் போட்டவர்கள் முதலில் மலையடிவாரத்து அலிபிரியில் வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மலைமேல் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவந்து என் கடையில் நட்டை முடுக்கிக்கொண்டு போக வேண்டும். மலை ஏறி இறங்கிய தூரம் அதற்குச் சரியாக இருக்கும். பக்தியில் எல்லாரும் வந்துவிடுவார்கள். கடையில் வளர்ந்த கௌசிகாவுக்கு இது பால் குடித்த நாளிலிருந்து தெரியும். அவளுக்கு இது என் தொழில் தந்திரம் இல்லை, சாமி காரியம்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஞாயிறு காலையில் என்னிடம் சொல்லாமலே மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். லட்டு கொண்டுவந்து என்னை ஆச்சரியப்படுத்த வேண்டுமாம்.

போலீஸ் என்னிடம் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கௌசிகா மலைமேலிருந்து எனக்குப் போன் செய்தாள். நான் கடையில் தனியாக இருந்தேன்.

"நைனா, எங்க கீறோம் சொல்லு பாக்கலாம். மேல கீறோம், தரிசனம் ஆய்டுச்சு. கீழ எறங்கப் போறோம். இவரு உன்னாண்ட ஒண்ணு கேக்கச் சொல்றாரு. ஏறிக்கினு வர்ச்சொல்ல முன்னாடி லெஃப்ட்ல டக்கு டக்குனு சத்தம் வருது. பரவால்லியா, இல்ல வண்டிய இங்கியே வுட்டுட்டு பஸ்ஸுல வந்துடட்டுமா?"

பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாயைத் திறந்தேன். பஸ்ஸில் வந்தால் தீனா மலைமேலேயே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவான். அவன் வீலைக் கழற்றுவான், நட்டைப் பார்ப்பான், இதை யார் போட்டது என்று கேட்பான். கௌசிகா என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் நினைத்துப் பார்த்தேன். ஏறும்போது தாங்கிய நட்டு இறங்கும்போதும் தாங்கும் என்று தோன்றியது. தாங்காது என்றும் தெரியும். இறக்கத்தில்தானே பிரேக்.

"புது டயர் அப்படித்தான் சத்தம் போடும்மா. மெதுவா ஓட்டிக்கினு வரச்சொல்லு" என்றேன்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அவள் தீனாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு போனை வைத்துவிட்டாள்.

வளைவில் வீல் கழன்று போனது. வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. தீனா ஸ்டியரிங்கை முழுசாக வலப்பக்கம் ஒடித்திருக்கிறான். பாறையில் மோதியது அவன் உட்கார்ந்திருந்த பக்கம். அவள் பக்கம் மோதாமல் பார்த்துக்கொண்டான் என்று பின்னால் வந்த ஜீப் டிரைவர் சொன்னார். நல்ல பையன் என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே. டயர் கடைசிவரை காற்றோடுதான் இருந்தது, போலீஸ் ஸ்டேஷனில் நானே அமுக்கிப் பார்த்தேன். ஆகவே அந்த வரியை அடித்துவிடுங்கள். டயர் வெடிக்கவில்லை. தீனாவும் தப்பாக ஓட்டவில்லை. நான் செய்ததை எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஜெயிலுக்குப் போகவும் தயார், கௌசிகாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதுதான் யோசனை.

அவளுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். என்னை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "சத்தம் வருதுன்னு அவரு சொல்லிக்கினே இருந்தாரு நைனா. நான்தான் கேக்கல, வண்டிய எடுக்கச் சொன்னேன். நான்தான் அவரக் கொன்னுட்டேன்" என்று அழுவாள். அப்படியெல்லாம் பேசாதே, சாமி எழுதினது என்று தலையைத் தடவிக்கொடுப்பேன். மூன்று வேளையும் நானே சமைத்துப் போடுகிறேன். தலை வாரிவிடுகிறேன். சின்ன வயசில் வாரிவிட்ட மாதிரியே ரெட்டைச் சடை.

இப்போது அரக்கோணத்திலிருந்து தீனாவின் அம்மா தினமும் போன் செய்கிறார்கள். என்னோட வந்து இரும்மா, எனக்கும் யாருமில்லை என்கிறார்கள். இவளும் போகிறேன் என்கிறாள். அதற்குப் பழக வேண்டும் என்று சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வாசல்வரை வரப் பார்க்கிறாள். அந்த நாற்காலியின் பின் சக்கரத்தில்தான் காற்றே நிற்பதில்லை. "ஊருக்கெல்லாம் டயர் போடற, உம் பொண்ணுக்கு ஒரு டயர் போட மாட்டியா நைனா" என்று நேற்றுகூடக் கேட்டாள். அந்த சைஸ் ஸ்டாக் இல்லம்மா, சொல்லி வச்சிருக்கேன் என்றேன்.

டயர் நன்றாகத்தான் இருக்கிறது சார். தினமும் காலையில் அவள் கண் விழிப்பதற்கு முன்னால் நான்தான் காற்றை இறக்கிவிடுகிறேன். வாசலில் படி இருக்கிறது, பார்த்தீர்கள் இல்லையா. தெரியாமல் உருட்டிக்கொண்டு போய் விழுந்து வைத்தால், பெற்றவன் நான்தானே பதில் சொல்ல வேண்டும்.