காகித அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர்

எனக்கு நேராக வெட்டிய காகிதம் பிடிக்கும். கோணல்மாணலாக வெட்டியதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடே இறங்காது. நீங்கள் விசாரிக்கிற விஷயத்தை இங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சரி, ஐயா.

காயங்களைப் படம் எடுப்பது என் வேலை. எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில், சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணுக்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். ஸ்டெம் செல்கள் வெளியே விடும் நுண்ணிய குமிழிகளைப் பிரித்தெடுத்து, கூழில் கலந்து தடவுவது. புண்ணை மூடிக்கொள்ளச் சொல்லித் தசைக்குச் சேதி கொண்டுபோகுமாம் அந்தக் குமிழிகள். வாரம் ஒருமுறை புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காகித அளவுகோலை ஒட்டிப் படம் எடுப்பேன். அதிலிருக்கும் ஒரு சென்டிமீட்டரை வைத்துத்தான் கணினி புண்ணின் பரப்பைச் சொல்லும். அளவுகோலை அச்சடித்து வெட்டுவதும் நானே.

முதல் தப்பு என்னுடையதல்ல, அச்சுப்பொறியுடையது. மூன்றாவது வாரம் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற இடத்தில் தானாகவே டிக் விழுந்திருந்தது. சென்டிமீட்டர் ஒரு மயிரிழை பெரிதாக அச்சானது. அளவுகோல் பெருத்தால் கணினிக்குப் புண் சிறுத்துத் தெரியும். அந்த வாரம் சோதனையில் இருந்த பதினெட்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புண் சுருங்கிவிட்டது.

இரண்டு வருஷமாகச் சிடுசிடுத்துக்கொண்டிருந்த தலைமை மருத்துவர் என் தோளில் கை போட்டார். “உங்க படந்தாங்க எனக்குக் கண்ணு” என்றார். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தப்பைக் கண்டுபிடித்தேன். டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த வாரம் பதினெட்டு புண்ணும் பெரிதாகிவிடும், பாவம், நோயாளிகள் மனசு உடைந்துபோவார்கள். அதனால் எடுக்கவில்லை. மருந்து நன்றாக வேலை செய்தால் சுருங்கிக்கொண்டே போக வேண்டுமல்லவா, அதற்காக வாராவாரம் நானே சென்டிமீட்டரைக் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக்கினேன். நர்ஸம்மா மட்டும் ஒருநாள், “எனக்கென்னமோ புண்ணு பெருசான மாதிரி இருக்கு சார்” என்று இழுத்தார். மருத்துவர் காலைப் பார்க்காமல் திரையைக் காட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பதினெட்டில் ஒருவர் என் அக்கா வீட்டுக்காரர். நான்தான் சேர்த்துவிட்டேன். தையல்காரர். வலது காலால் மிஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். கட்டைவிரலுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவு புண்ணோடு வந்தார். எட்டாவது வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டு, இஞ்சு டேப்பைக் காலில் வைத்துக் காட்டினார்.

“மாப்ள, நீங்க சுருங்குதுங்கறீங்க. டேப்பு கூடுதுங்குது. நாத்தம் வேற வருது.”

“எத்தனை வருஷத்து டேப்பு மாமா?”

“பதினஞ்சு இருக்கும்.”

“இஸ்திரிப்பெட்டி பக்கத்துலயே கிடக்குது. சூட்டுல சுருங்கியிருக்கும்.”

டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுத் தலையாட்டினார். மறுநாள் புது டேப் வாங்கினார். அதுவும் அதையேதான் சொன்னது. அதன்பிறகு அளப்பதை விட்டுவிட்டார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா நச்சரித்தபோது, “உன் தம்பி பொய் சொல்லுவானா?” என்று அடக்கியதும் அவர்தான். அவ்வளவு நல்ல மனுஷன்.

பன்னிரண்டாவது வாரம் மாமாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று படம் எடுக்கும் நாள். வழக்கம்போல அளவுகோலை வெட்டிக்கொண்டு போனேன், ஒட்ட இடமில்லை. பரப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. பூஜ்யம் போட்டேன். உடனே பச்சை எழுத்தில் ‘முழுமையாக ஆறியது’ என்று வந்தது.

அடுத்த மாதம் மாநாட்டு மேடையில் மருத்துவர், நான்கு பேருக்குப் புண் முழுமையாக ஆறியதாக அறிவித்தார். நன்றாகக் கைதட்டினார்கள். நான்கு பேருக்கும் பூஜ்யம் போட்டது நான்தான். நான்கு பேரும் இப்போது ஊன்றுகோலில் நடக்கிறார்கள்.

நர்ஸம்மா என் அளவுகோலைத் தன் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலோடு சேர்த்துப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

அக்கா என்னோடு பேசுவதில்லை. மாமா பேசுகிறார். போன வாரம் கேட்டார்: “ஆறிக்கிட்டுதானே வந்துச்சு மாப்ள, அப்புறம் ஏன் காலை எடுத்தாங்க?”

“உங்க உடம்பு ஒத்துழைக்கல மாமா” என்றேன். ஏதோ என்னைச் சங்கடப்படுத்திவிட்டவர்போல மன்னிப்புக் கேட்டார்.

நான் செய்ததைத்தான் சொல்லியிருக்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அத்தனை அளவுகோல்களில் ஒன்றைக்கூட நான் கோணலாக வெட்டியதில்லை.