விளிம்பிலிருந்து ஆறடி

உங்கள் அறையின் தரை வாசல் பக்கமாகச் சரிந்திருக்கிறது. அதிகமில்லை, பத்தடிக்கு ஓர் அங்குலம் இருக்கும். நீங்கள் பேனாவை வைத்துவிட்டுக் கோப்பைப் புரட்டும்போதெல்லாம் அது உருண்டு ஓரத்துக்கு வருகிறது. நீங்களும் சலிக்காமல் பிடித்துப் பிடித்து வைக்கிறீர்கள். இத்தனை வருடம் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது ஏன் உருளுகிறது என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்ததுண்டா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரிவைப் பார்ப்பது என் தொழில்.

நகராட்சியில் மண் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். யார் மனையில் யார் தோண்டினாலும், தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும், நிலத்தை ஓரடிக்கு மேல் உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், தாள் என் மேஜைக்கு வந்தாக வேண்டும். ஜனங்களுக்கு இது வேடிக்கை. 'என் மண்ணை நான் தோண்ட உனக்கு என்னய்யா' என்பார்கள். தன் மனையை இரண்டடி தூக்கிக்கொண்டால் மழைத்தண்ணீர் அடுத்தவன் வீட்டுக் கூடத்துக்குள் போகும் என்பது பெரிய படிப்புப் படித்தவனுக்கும் உறைக்காது. உறைத்தாலும் அடுத்தவன் வீடுதானே என்று இருந்துவிடுவான். இந்த லட்சணத்தில் எனக்கு 'மண்ணு சார்' என்று பட்டப்பெயர் வேறு.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்பது என் மச்சினன் சாவைப் பற்றி. என் மனைவியின் ஒரே தம்பி, வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். போன வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு, தான் தோண்டிய குழியிலேயே மண் சரிந்து புதைந்து செத்தான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குப் பேச வராது.

அவன் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள். வாய் இருக்கிறவனையெல்லாம் கெட்டிக்காரன் என்று சொல்வது நம்மவர்கள் வழக்கம். ஒரு பல் டாக்டருக்காக அவன் அந்தக் குறுகலான மனையில் வேலையை ஒத்துக்கொண்டான். டாக்டருக்கு இரண்டு கார். இரண்டையும் தரைக்குக் கீழே நிறுத்த வேண்டுமாம். அதற்காகப் பன்னிரண்டடி ஆழத்துக்குக் குழி. தோண்டுவதற்கு அனுமதி கொடுத்தவன் நான்தான். கொடுக்கும் முன் மனையை நானே அளந்தேன். குழி போக மிச்சம் பின்பக்கத்தில் நாலடி, அதற்கப்பால் மதில். பக்கவாட்டில் ஒன்றுமே இல்லை. ஆமாம், அந்த நாலடி எனக்கு முதலிலேயே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

தோண்டிய மண்ணை வீதியில் குவித்தான். லாரியில் ஏற்றி வெளியே அனுப்ப இன்னொரு அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு மனுக் கொடுத்தான். நான் திருப்பி அனுப்பினேன். நிலமட்டப் படத்தில் உயரங்களை எழுதியிருந்தானே தவிர, எந்தப் புள்ளியிலிருந்து அளந்தான் என்று எழுதவில்லை. திருத்திக் கொண்டுவந்தான். மண்ணை வாங்கிக்கொள்கிற தோட்டக்காரரின் சம்மதக் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று மறுபடியும் திருப்பினேன். இரண்டாம் பக்கம் வெற்றுத்தாள் என்றான். வெற்றுத்தாள் என்பதற்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? மூன்றாவது தடவை லாரி எண்ணில் ஓர் இலக்கத்தைத் திருத்தியிருந்தான். பேனாவை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவன் வீடு கட்ட வந்துவிட்டான்.

சாப்பிட உட்காரும்போது என் மனைவி சொன்னாள்: "தம்பி ரெண்டு வாரமா அலையறான். கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துடுங்களேன்."

"வீட்டுல ஆபீஸ் பேசாதே" என்றேன்.

"ஆபீஸ் எங்க பேசினேன்? என் தம்பியைப் பத்திப் பேசறேன்."

தம்பியைப் பற்றிப் பேசினால் அவளுக்கு எதையும் விளக்க முடியாது. நான் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

இதற்கிடையில் வீதியில் மண் கிடக்கிறது என்று ஒரு புகார் வந்தது. யார் கொடுத்தது என்று கேட்கிறீர்கள். அந்த வீதியில் நடக்கும் பொதுமக்களில் ஒருவர். நானும் அந்த வீதியில் நடப்பவன்தான். புகார் வந்தால் நடவடிக்கை எடுப்பது கடமை. தோண்டிய மண் வீதியில் இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பது விதி. செவ்வாய்க்கிழமை நோட்டீசை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மேஸ்திரி வயதானவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், ரெண்டு நாள் டைம் குடுங்க. பர்மிட் வந்ததும் ஒரே நாள்ல அள்ளிடறோம். வேற எங்க சார் போடறது? பின்னாடி ஓரத்துல போட்டா குழி தாங்காது."

அவருக்குத் தெரிந்திருந்தது, பாருங்கள். பள்ளிக்கூடம் போகாத மனிதர். குழியின் விளிம்பிலிருந்து ஆறடிக்குள் மண்ணைக் குவிக்கக் கூடாது என்பதும் விதிதான். அதை எழுதியவர்கள் அவரைப் போன்றவர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள்.

என் மச்சினனுக்கு மட்டும் எல்லாம் விளையாட்டு. "அப்ப எங்க போடட்டும் மாமா? தலைல தூக்கி வச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டு ஆட்களைப் பார்த்துச் சிரித்தான். ஆட்களும் சிரித்தார்கள்.

"எங்க போடறதுங்கறது ஒன் பாடு. வீதி வீதியா இருக்கணும். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள எடுக்கலேன்னா வேலைக்கு சீல் வெச்சுடுவேன்."

வேலைக்கு சீல் வைத்தால் டாக்டர் அவனை மாற்றிவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வீதியில் போடக் கூடாது. வெளியே அனுப்பச் சீட்டு இல்லை. மிச்சம் இருப்பது பின்பக்கத்து நாலடி. அங்கே போடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஸ்திரியைக் கேளுங்கள், அவரும் அப்படித்தான் சொல்வார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீதியைப் பார்வையிடப் போனேன். வீதி சுத்தமாக இருந்தது, கூட்டிக்கூட விட்டிருந்தார்கள். பின்பக்கம் மதில் உயரத்துக்கு மண் ஏறியிருந்தது. புதன்கிழமை ராத்திரி தூறல் வேறு போட்டிருந்ததால் ஈரம் குடித்துக் கனத்திருந்தது. குழியின் விளிம்போடு நீளமாக ஒரு விரிசல். என் இரண்டு விரல் அதில் தாராளமாகப் போனது. ஆமாம், குனிந்து விட்டுப் பார்த்தேன். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மாதிரி விரிசலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயுசு கிடையாது.

என் மச்சினன் கீழே இருந்தான். தினமும் பத்து மணிக்கு அவனே இறங்கி ஆழத்தை அளப்பான், அது அவனுடைய பழக்கம். அண்ணாந்து பார்த்தான். "வாங்க மாமா, வீதி சுத்தமா இருக்கா? நக்கிப் பாத்துட்டீங்களா?"

"சுத்தமா இருக்கு" என்றேன்.

ஆபத்து தெரிந்தால் வாயாலேயே வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று விதியில் இடம் இருக்கிறது. 'மேலே ஏறுடா' என்றிருந்தால் போதும், இரண்டே வார்த்தை. ஆனால் வாயால் உத்தரவு போடுகிற அதிகாரியை எவன் மதிக்கிறான்? நாளைக்கு இல்லை என்பான். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அங்கேயே நின்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டு உங்கள் கையில் இருக்கிறது. 'பத்து ஐந்து. விளிம்பில் விரிசல், இரண்டு விரல் அகலம். நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.' அலுவலகம் ஐந்து நிமிட நடை. நோட்டீஸை டைப் செய்து, மூன்று பிரதி எடுத்து, மூன்றாவது பிரதிக்கு முத்திரை குத்தும்போது போன் வந்தது. மேஸ்திரி ஏணியில் பாதி ஏறியிருந்ததால் பிழைத்துக்கொண்டாராம். இவனைத் தோண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முத்திரையை முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் பர்மிட் என்னங்க ஆச்சு?"

"பரிசீலனைல இருக்கு" என்றேன். அவள் எழுந்து போய் மகளின் அறையில் படுத்துக்கொண்டாள். இன்றுவரை அங்கேதான்.

என் கொழுந்தியாள் உங்களிடம் வந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய சங்கதி ஒன்றைச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒன்றுமில்லை. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். யாரோ ஒரு பூந்தொட்டி பரிசு கொடுத்திருந்தார்கள். மச்சினன் என் கண்ணாடியை எடுத்து மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, டேப்பை நீட்டித் தொட்டியை அளந்தான். என் குரலில், "இந்தத் தொட்டி மண்ணு அரை அங்குலம் ஒசந்திருக்கு. மூணு பிரதி எழுதிக் குடுங்க" என்றான். முதலில் கொழுந்தியாள் சிரித்தாள். பிறகு சகலை, அவர் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பியே விட்டார். பிறகு என் மகள். என் மனைவி கடைசியாகத்தான் சிரிக்க ஆரம்பித்தாள், ஆனால் எல்லோரும் நிறுத்திய பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. பச்சை நிறத் தொட்டி, சிவப்புப் பூ. நேரம் ஏழே கால் இருக்கும். நானும் சிரித்தேன்.

என் மேஜையில் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து பார்த்தீர்களா? சாவி முத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது. மேலாக இருக்கும் தாள் அவனுடைய அனுமதிச் சீட்டு. முதல் மனு வந்த மறுநாளே பெரிய பொறியாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எதையும் படித்துப் பார்க்கிறவரில்லை அவர். அதற்குப் பிறகு நான் சொன்ன குறைகளெல்லாம், பாஸாகிவிட்ட மனுவுக்குச் சொன்னவை. மண் எங்கே போகும், எப்போது சரியும், அவன் எத்தனை மணிக்குக் கீழே இருப்பான், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். மறைக்கவில்லை. இந்த ஊரில் இவ்வளவு துல்லியமாக ஒரு வேலையைச் செய்யக்கூடிய ஆள் வேறு யார் இருக்கிறார், சொல்லுங்கள்.

பேனா மறுபடியும் உருளுகிறது, பிடித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயார். ஆனால் கீழே 'முன்பகை காரணமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது தவறான தகவல். அவர்கள் சிரித்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.