பதினோரு அங்குலத் திரைக்குப் பொருந்திய மென்பொருள்

தலைமை நாற்காலியில் தைத்து வைத்தது போல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! கண்ணால் பார்த்தே கழுத்தளவு சொல்லும் மூத்த தையற்கலைஞர்களே! ஊசியில் நூல் கோக்கும் நேரத்தில் ஒரு குடும்ப வழக்கையே தீர்த்துவைக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்கு அடியில் இடம்பிடித்த முன்யோசனைக்காரர்களே! அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

நம் சங்கத்தின் வெட்டுமுறை வழிகாட்டி நூல் இன்று வெளியாகிறது. நாற்பத்தெட்டுப் பக்கம். அது வெளியாகாமலே போகப் பார்த்த வரலாற்றைச் சொல்லத்தான் வந்தேன்.

சென்ற வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அச்சு இயந்திரத்தில் நாட்காட்டி வேலை ஏறிவிடும். அடுத்த மாதம்தான் இறங்கும். கோப்புகளோ கனமானவை, மின்னஞ்சல் தூக்க மறுத்தது. கோப்பு அனுப்பும் மென்பொருள் ஒன்று வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்தவர் யார்? என் மைத்துனர். எங்கே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்? தம் அலுவலகத்தில், சன்னல் அகலத் திரையில்!

"மச்சான், இதுல இல்லாத வசதியே இல்ல!"

உண்மை. வசதிகள் எல்லாம் இருந்தன. என் மடிக்கணினியில் அவற்றுக்கு இடம்தான் இல்லை. மேலே மூன்று வரிசைப் பொத்தான்கள். கீழே கட்டம் கட்டமாகப் பட்டியல்கள். கட்டத்துக்கு ஒன்றரை வரிதான் தெரிந்தது. இடப்பக்கம் என் கணினி, வலப்பக்கம் அச்சகக் கணினி. அந்த வலப்பக்கம் திரைக்கு வெளியே குடியிருந்தது! நான் என்ன செய்தேன்? கண்ணில் பட்ட கட்டத்திலிருந்து கண்ணில் பட்ட இன்னொரு கட்டத்துக்கு இழுத்துப் போட்டேன். 'முடிந்தது' என்று பச்சை எழுத்தில் பாராட்டியது மென்பொருள். நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

மூன்று மணிக்கு அச்சகக்காரர் அழைத்தார். "என்ன சார், தூங்கிட்டீங்களா? ஒரு பக்கம்கூட வரல."

"நாப்பத்தெட்டும் போயிடுச்சே!"

"எங்க போச்சு?"

எங்கே போயின? என் கணினியின் ஒரு கோப்புறையிலிருந்து அதே கணினியின் இன்னொரு கோப்புறைக்கு! வீட்டுக்குள்ளேயே அறை மாறியிருந்தன. சிரிக்கிறீர்கள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் அதே மென்பொருள்தான் வைத்திருக்கிறார்.

மைத்துனரிடம் முறையிட்டேன். "பெரிய திரையா ஒண்ணு வாங்கிடுங்க மச்சான்" என்றார்.

சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்தார். அளவுநாடாவைத் திரையின் குறுக்கே வைத்தார்.

"பதினோரு அங்குலம். ஏங்க, சட்டை பெருசாயிட்டா, போய் ஒடம்ப வளத்துட்டு வாங்கன்னா சொல்லுவீங்க?"

முப்பது ஆண்டுகளாக ஊரை அளந்தவன் நான். என் திரையை அளந்தேனா? அளக்கவில்லையே!

அடுத்த அரைமணி நேரத்தில் மூன்று மென்பொருள்களை அவர் திறந்து பார்த்தார். முதலாவதில் பாதித் திரை விளம்பரம். "வேணாம்." இரண்டாவதில் எழுத்துகள் எறும்பு அளவு. "இதுக்குப் பூதக்கண்ணாடி யாரு வாங்குறது?" மூன்றாவதில் அழகில்லை, ஆடம்பரமில்லை, ஆனால் நம் பக்கம், அவர்கள் பக்கம், 'அனுப்பு' பொத்தான் மூன்றும் நகர்த்தாமலே தெரிந்தன. "இது போதும்."

மூன்று ஐம்பதுக்கு அச்சகக்காரர் அழைத்தார். "எல்லாம் வந்துடுச்சு சார். அனுப்புனது வீட்டுல அக்காதானே?"

அன்பர்களே! பெருமைக்குரியது பெரியதா, பொருந்துவதா? இருக்கும் வசதி வசதியா, எட்டும் வசதி வசதியா? அடுத்தவர் திரையில் அழகு பார்க்காதீர்கள். உங்கள் திரையில் உடுத்திப் பார்த்து எடுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இறுதியாக ஒரு விண்ணப்பம். நூலின் அட்டையில் 'தொகுத்தவர்' என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அது அச்சுப்பிழை. பக்கங்களை அச்சகம் சேர்த்தவர் மூன்றாம் வரிசையில் ஓரமாக அமர்ந்திருக்கிறார். பெயரைக் கேட்டு, கையில் பேனா உள்ளவர்கள் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். வணக்கம்!