தலைவர் குடித்த சோடா

மாலையின் கனத்தில் மார்பு நிமிர, மேடையின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர் அங்கப்பன் அண்ணன் அவர்களே! சிறுநீரகம் ஓய்வு பெற்றாலும் சிரிப்பு ஓய்வு பெறாத என் சக நோயாளிகளே! உப்பில்லாமல் ஆக்கிப் போட்டு எங்களிடம் ஏச்சு வாங்கும் தாய்மார்களே! சிங்காநல்லூர்ப் பெரியோர்களே! சகாயத்தின் வணக்கம்.

டயாலிசிஸைத் தவறவிடாதீர் என்று பேச வந்திருக்கிறேன். நம் கிட்னி பார்க்காத வேலையைப் பார்த்து, இரத்தத்தைக் கழுவித் தருகிறது அந்த எந்திரம். அது நம்மிடம் கேட்பதென்ன? ஓடச் சொல்கிறதா? உழச் சொல்கிறதா? வந்து படு என்கிறது! படுப்பதற்குமா சோம்பல்?

போன மாதம் சென்னிமலையில் ஒரு கல்யாணம். வாசலில் கால் வைத்ததும் சொம்புத் தண்ணீர். வேண்டாமென்றேன். பெண்ணின் மாமனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏனுங்க, எங்க ஊட்டுத் தண்ணி ஆகாதுங்களா?" சட்டைக் கையைச் சுருட்டி, ஊசி குத்திய கையைக் காட்டி, தண்ணீர் அளவோடுதான் என்றேன். மனிதர் பதறிப்போனார். "அட பாவமே! அப்ப மோராச்சும் குடிங்க!"

சிரிக்கிறீர்கள். அங்கே மோர், இங்கே சோடா! தலைவர் முன்னால் பாருங்கள், இரண்டாவது பாட்டில். பேசாத தலைவருக்கு எதற்கய்யா சோடா? அவர் காலையும் பாருங்கள், செருப்பு வாருக்கு மேலே பொங்கி நிற்கிறது. இன்று காலை நான் எந்திரத்தோடு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் காலி. அது யார் கட்டில்?

அடடா, முன்வரிசையில் அண்ணனின் துணைவியார் காளியாத்தாள் எழுந்துவிட்டார்! என்னங்க அக்கா?

"ஆசுபத்திரிக்குப் போய்ப்போட்டு வந்தேன்னு சொன்னாருங்களே!"

போகலைங்க அக்கா! மேடையேறும்போது கேட்டேன். "நோட்டீசுல பேரு போட்டாச்சு சகாயம், பந்தலை யாரு பாக்கறது? ஒரு நாள்தானே" என்றார். மட்டம் போடாதே என்று சொல்லும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க மட்டம் போட்ட மகான்!

அண்ணே, நம்மோடு எந்திரத்தில் படுத்த தம்பிதுரையும் காரமடைத் தேருக்கு ஒரு நாள்தானே என்றுதான் போனார். தேர் பார்த்தார், மூச்சுத் திணறினார், போய்ச் சேர்ந்தார். அவர் கட்டிலில்தான் இப்போது நான் படுக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. உங்கள் கட்டிலில் புது முகம் பார்க்க என்னால் முடியாது.

மாலையைக் கழற்றுங்கள். வாசலில் கார் நிற்கிறது. சாயங்கால ஷிப்டில் இடம் வைத்துக்கொண்டு சிஸ்டர் மெர்சி காத்திருக்கிறார். அக்கா, அந்த சோடாவைப் பிடுங்குங்க!

கைதட்டாதீர்கள், வழிவிடுங்கள்! என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. பாதியில் எழுந்துபோகும் தலைவருக்கு அதைவிடப் பெரிய நன்றி. போய்ட்டு வாங்கண்ணே, வணக்கம்!